பொலிவிய ஃபுக்ஷியா: ஆண்டிஸ் மலைக்காட்டுப் பூச்செடியை முதன்முறையாக வளர்ப்போருக்கு

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நாற்றுப்பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு ஃபுக்ஷியா புதிதன்று. சிவந்த புற இதழ்கள் மேல்நோக்கி மடங்க, அவற்றின் கீழே ஊதா இதழ்கள் அடுக்காகக் குவிந்து நிற்க, ஜிமிக்கி போலத் தொங்கும் அந்தப் பூக்களில் பெரும்பாலானவை கலப்பினங்கள். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் பல இனங்களைக் கலந்து உருவாக்கியவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் ஃபுக்ஷியா பொலிவியானா என்னும் இனத்தை முதன்முறையாக வளர்க்க விரும்புவோருக்காக எழுதப்பட்டது. கலப்பினங்களை வளர்த்துப் பழகியவர்களும் படிக்கலாம். கலப்பினங்களுக்குப் பொருந்தும் சில வழக்கங்கள் இந்தச் செடியிடம் எடுபடுவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்செடியை வளர்ப்பதில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் வேர் சூடேறுவதால் வருபவை. வேர் குளிர்ச்சியாக இருந்தால் உரக்குறை, இடக்குறை, சற்றுக் கவனக்குறைவு ஆகிய எல்லாவற்றையும் செடி பொறுத்துக்கொள்ளும். வேர் சூடேறிவிட்டால் எத்தனை உரம் வைத்தாலும் பயன் இல்லை. தண்ணீரை அதிகமாக ஊற்றினால் கேடுதான் விளையும். கீழே சொல்லப்படும் படிகளில் பல இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

செடியின் சொந்த ஊர்

ஃபுக்ஷியா பேரினத்தில் ஏறத்தாழ 110 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆண்டிஸ் மலைகளுக்கு உரியவை. சில மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும், இன்னும் சில வெகுதொலைவில் நியூசிலாந்திலும் தாஹித்தித் தீவிலும் வளர்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரீபியத் தீவான ஹிஸ்பனியோலாவில் ஓர் இனத்தைக் கண்ட பிரெஞ்சுத் துறவி சார்ல் ப்ளூமியே, 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய மூலிகையியல் அறிஞர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸின் நினைவாக இப்பெயரைச் சூட்டி 1703இல் வெளியிட்டார். நம் இனத்துக்கு 1876இல் கர்ரியேர் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயரிட்டார்.

தெற்குப் பெருவில் தொடங்கி, பொலிவியா வழியாக, வடக்கு அர்ஜென்டினா வரை, சுமார் 1,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் இச்செடி வளர்கிறது. ஆண்டிஸின் கிழக்குச் சரிவான இப்பகுதியை அங்குள்ளோர் யுங்காஸ் என்று அழைக்கின்றனர். அமேசான் படுகையிலிருந்து எழும் ஈரக்காற்று இந்தச் சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகத் திரள்வதால், ஆண்டின் பெரும்பகுதி காடு மூடுபனிக்குள் கிடக்கிறது. மரங்களில் பாசி தடித்துப் படர்ந்திருக்கும். தரையில் இலைமக்கு ஆழமாகச் சேர்ந்திருக்கும். மண் எப்போதும் ஈரமாக இருந்தாலும் சரிவான நிலம் என்பதால் தண்ணீர் தேங்குவதில்லை. அடர்ந்த இருட்டிலன்றிக் காட்டின் ஓரங்களிலும், மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடங்களிலும் ஃபுக்ஷியா செழிக்கிறது. குளிர்ந்த வேர், ஈரமான காற்று, வடிகால் உள்ள மண், சிதறிய வெளிச்சம் ஆகிய நான்கையும் வீட்டில் அமைத்துக் கொடுப்பதே நம் வேலை.

செடி 2 முதல் 4 மீட்டர் வரை உயரும். இலைகள் பெரியவை, நன்கு வளர்ந்த செடியில் ஒரு சாணுக்கு நெருங்கும். தொட்டால் மென்மயிர் தெரியும். காம்பிலும் நடுநரம்பிலும் சிவப்பு ஓடியிருக்கும். பூக்கள் தனித்தனியாக இல்லாமல் கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஒவ்வொரு பூவும் விரல் நீளமுள்ள மெல்லிய செங்குழல். குழலின் முடிவில் நான்கு புற இதழ்கள் பின்னோக்கி மடங்கியிருக்க, நான்கு சிறிய அக இதழ்களும் எட்டு மகரந்தத் தாள்களும் எட்டிப் பார்க்கும். குழலும் புற இதழ்களும் வெள்ளையாகவும் அக இதழ்கள் மட்டும் சிவப்பாகவும் இருக்கும் 'ஆல்பா' என்ற வகையும் உண்டு. பார்வைக்கு அதுவே அழகு என்பது என் எண்ணம். இந்த நீண்ட செங்குழல் ஹம்மிங் பறவையின் அலகுக்காக அமைந்தது. அப்பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இல்லை. ஆயினும் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் ஒற்றைச் செடியிலும் பழம் கிடைக்கும்.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா

பணம் செலவழிப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். பகல் வெப்பம் 15 முதல் 24 டிகிரி வரையிலும், இரவு வெப்பம் அதற்குச் சில டிகிரி குறைவாகவும் இருக்கும் இடங்களில் செடி நிறைவாக வளரும். 30 டிகிரியைத் தாண்டினால் மொட்டுகள் உதிரும். இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் செடி மெல்ல மெல்ல நலிந்துவிடும்.

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், இலங்கையில் நுவரெலியா ஆகிய ஊர்களில் நிலத்திலேயே நடலாம். மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தை 1860இல் இந்தியாவுக்குக் கொண்டுவரும் பொறுப்பேற்றுத் தெற்குப் பெருவின் மலைக்காடுகளில் அலைந்த ஆங்கிலேயர் கிளெமென்ட்ஸ் மார்க்கம், அந்த மரங்களை நட நீலகிரியைத் தேர்ந்ததற்குத் தட்பவெப்ப ஒற்றுமையே காரணம். உதகை அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்கைவர் பொறுப்பில் தொட்டபெட்டாச் சரிவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா வளர்ந்தது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல பூங்காவும் 1861இல் சின்கோனாவுக்காகவே தொடங்கப்பட்டது. நம் ஃபுக்ஷியா வளரும் காடுகளும் அதே கிழக்குச் சரிவில் உள்ளவை என்பதால், இந்த மலைகளில் அது வேர்பிடிப்பதில் வியப்பில்லை.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையில் நிழல் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும். பெங்களூர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. மார்ச் முதல் மே வரை செடியைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிடும். சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் உள்ளவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. மலையிலிருந்து டிசம்பரில் வாங்கிச் சென்ற செடி இரண்டு மாதம் நன்றாக இருந்து நம்பிக்கை ஊட்டும். பங்குனி வெயிலில் போய்விடும். குளிர்சாதன அறையும் தீர்வாகாது, அங்கே காற்று மிகவும் வறண்டது.

லண்டன், டொராண்டோ போன்ற நகரங்களில் வாழ்வோர் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். அதைப் பின்னர் விளக்குகிறேன். நியூசிலாந்தில் இது களையாகக் கருதப்படும் இனம். அங்குள்ளவர்கள் உள்ளூர் விதிகளைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

செடியைப் பெறுதல்

நாற்றுப்பண்ணையில் வாங்குவதானால் பூத்துக் குலுங்கும் பெரிய செடியைத் தேட வேண்டாம். அடிப்பகுதியிலிருந்தே கிளைத்த, இலையின் அடிப்புறம் சுத்தமாக உள்ள, ஒரு முழ உயரச் செடி போதும். இலையைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். வெள்ளை ஈ பறந்தாலோ, ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருந்தாலோ, நுனிக்கொழுந்து சிவந்து தடித்து முறுக்கியிருந்தாலோ அந்தச் செடியை விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பெட்டியில் ஒரு தண்டைப் போட்டு வரச் சொல்வது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி செடிகளையும் நடவுத் தண்டுகளையும் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. வரும் தண்டோடு பூச்சியும் நோயும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் அந்த விதியில் நியாயமும் இருக்கிறது.

நண்பரின் தோட்டத்தில் செடி இருந்தால் தண்டு வைத்து வளர்ப்பதே எளிய வழி. மலையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களோ, தென்மேற்குப் பருவமழை நிலைபெற்ற பின் வரும் நாட்களோ இதற்கு ஏற்றவை. பொலிவிய ஃபுக்ஷியாவின் நுனிகள் பெரும்பாலும் பூங்கொத்தில் முடிவதால், பூக்காத பக்கக் கொழுந்தைத் தேடி எடுக்க வேண்டும். காலையில், செடி நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்போது, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். கீழ்க்கணுவின் இலைகளை நீக்கி, மேலே எஞ்சும் பெரிய இலைகளைக் குறுக்காகப் பாதியளவு வெட்டிவிடுங்கள். வேரில்லாத துண்டுக்கு அவ்வளவு பெரிய இலைகளைச் சுமக்கும் வலிமை இருக்காது.

தென்னைநார்க் கழிவும் ஆற்றுமணலும் சம அளவில் கலந்து, பிழிந்தால் கையில் ஈரம் படுமே தவிரச் சொட்டாத பதத்தில் நனைத்து, சிறு தொட்டியில் நிரப்புங்கள். ஈர்க்குச்சியால் துளையிட்டு, கீழ்க்கணு மறையும்வரை துண்டைச் செருகி, சுற்றிலும் மெல்ல அழுத்துங்கள். அடிப்பகுதி வெட்டப்பட்ட தண்ணீர்ப் புட்டியையோ ஒளி ஊடுருவும் பையையோ மேலே கவிழ்த்து, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று அல்லது நான்கு வாரங்களில் வேர் வந்துவிடும். புதுத்தளிர் வந்ததை மட்டும் பார்த்து வேர் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம், தண்டில் சேமித்திருந்த சத்தினாலும் தளிர்க்கும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிகிறதா என்று பாருங்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், பொறுமை வேண்டும். விதை மிகச் சிறியது. பழத்தைத் துணியில் பிசைந்து அலசி, விதையை நிழலில் உலர்த்தி, மண்ணில் புதைக்காமல் மேற்பரப்பில் தூவி ஈரம் காக்க வேண்டும். வெள்ளைக் குழல் வகையை அப்படியே பெற விரும்பினால் தண்டு வைப்பதே உறுதியான வழி.

மண்ணும் தொட்டியும்

செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு என்ற கலவை போதும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றிய பிறகே பயன்படுத்துங்கள். சற்று அமிலத்தன்மை கொண்ட மண்ணே செடிக்கு விருப்பம். நீலகிரி மண் இயல்பாகவே அப்படிப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் ஊர்களில் இலைநரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால், நீரிலுள்ள சுண்ணாம்பு இரும்புச்சத்தைத் தடுக்கிறது என்று கொள்ளலாம். மழைநீர் சேமித்து ஊற்றினால் அது சரியாகும்.

தொட்டி மண்தொட்டியாகவே இருக்கட்டும். அதன் சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலை வாங்கி உள்ளிருக்கும் வேரை வேகவைத்துவிடும். வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் தொட்டிதான் என்றால், அதை இன்னும் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் நனைந்த தேங்காய்நாரை அடைத்துவிடுங்கள். இரட்டைத் தொட்டி முறை மண்தொட்டிக்கும் நல்லதே. கோடையில் இதனால் கிடைக்கும் பயனைச் சில நாட்களிலேயே இலைகளில் காணலாம். மண்ணின் மேற்பரப்பில் இரண்டு விரல் கனத்துக்கு இலைச்சருகு மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டாம்.

சிறு செடியை நேராகப் பெரிய தொட்டியில் நடக் கூடாது. வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புளித்துவிடும். வேர் தொட்டியை நிரப்பிய பின், முன்னதைவிட இரண்டு அங்குலம் அகலமான தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போய், இறுதியில் 14 அங்குலத் தொட்டியில் நிறுத்தலாம்.

காலை வெயில் இரண்டு மூன்று மணிநேரம் பட்டு, பத்து மணிக்கு மேல் நிழலாகும் கிழக்குப் பக்கம் சிறந்த இடம். அது இல்லாவிட்டால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். நிலத்தில் நடுபவர்கள் தென்மேற்குப் பருவக்காற்று நேராகத் தாக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். அகன்ற மெல்லிலைகள் ஒரே நாள் காற்றில் கிழிந்துவிடும். பூக்கள் தொங்குபவை என்பதால் தடுப்புச்சுவரின் மேல்மட்டத்தில், நம் கண் கொத்துகளுக்குக் கீழே வருமாறு நடுவது பார்வைக்கு நன்றாக இருக்கும்.

தண்ணீர்

புதியவர்கள் இச்செடியை இழப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நடுப்பகலில் இலைகள் துவண்டு தொங்கும். பார்த்தவுடன் செடிக்குத் தாகம் என்று பூவாளியைத் தூக்கத் தோன்றும். அந்த நேரத்தில் முதலில் விரலைத்தான் மண்ணுக்குள் விட வேண்டும். இரண்டாவது கணு வரை விரல் இறங்கியும் மண் உலர்ந்திருந்தால் தாகமேதான், தண்ணீர் கொடுங்கள். மண் ஈரமாக இருந்தால், இலைகள் நீரை வெளியேற்றும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். சூடேறிய வேரின் வேலை மந்தமாகிவிடுகிறது. அப்போது மேலும் தண்ணீர் ஊற்றினால் மண்ணில் காற்று அற்றுப்போய், சூடும் ஈரமும் சேர்ந்து வேரழுகலைத் தோற்றுவிக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் செடி இன்னும் துவளும். வளர்ப்பவர் இன்னும் ஊற்றுவார். இந்தச் சுற்றில் சிக்கிய செடி இரண்டு வாரம்கூடத் தாங்காது.

ஈரமான மண்ணில் செடி துவண்டால் செய்ய வேண்டியவை மூன்று. தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். தொட்டியின் வெளிச்சுவரையும் சுற்றியுள்ள தரையையும் நனைத்துவிடுங்கள். இலைகள் மீது மெல்லிய தூவலாக நீர் தெளியுங்கள். மாலைக்குள் இலைகள் நிமிர்ந்துவிட்டால் வேர் நலமாக இருக்கிறது. மறுநாள் விடியற்காலையிலும் துவண்டே நின்றால் அழுகல் தொடங்கிவிட்டது. உடனே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள்: நல்ல வேர் வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும், கெட்ட வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வரும். கெட்டவற்றை வெட்டி நீக்கி, மேற்பகுதியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, முன்னதைவிடச் சிறிய தொட்டியில் புதிய கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். நல்ல தண்டுகள் இருந்தால் அந்த வேளையிலேயே இரண்டு மூன்று துண்டுகளை வெட்டி வைத்துவிடுவது பாதுகாப்பு.

சாதாரண நாட்களில் காலையில் ஒருமுறை, அடித்துளை வழியே நீர் வழியும்வரை ஊற்றி, அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் மேல்மண் மட்டும் நனைந்து அடிவேர் காயும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் ஈரத்தை அறியப் பழகிக்கொள்ளுங்கள். சில வாரங்களில் கை அதைக் கற்றுக்கொள்ளும். மழைக்காலத்தில் மேகமும் மூடுபனியுமாக இருக்கும் நாட்களில் தண்ணீரே தேவைப்படாது. மலைவாசிகளுக்கு அந்தக் காலத்தில் வரும் ஆபத்து தொட்டித்துளை அடைபடுவதுதான்; அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்திவிடுங்கள்.

கிள்ளுதலும் கவாத்தும் உரமும்

கலப்பின ஃபுக்ஷியாக்களை மீண்டும் மீண்டும் நுனி கிள்ளிப் புதராக்குவார்கள். பொலிவிய ஃபுக்ஷியாவில் கொத்து கிளை நுனியில் தோன்றுவதால், ஒவ்வொரு கிள்ளலும் பூவைப் பல வாரங்கள் தள்ளிப்போடும். செடி மூன்று இணை இலைகள் விட்டதும் ஒருமுறை, அதிலிருந்து வரும் கிளைகள் அதேயளவு வளர்ந்ததும் இன்னொருமுறை கிள்ளினால் போதும். அல்லது, கிள்ளாமல் ஒரே தண்டை மூங்கில் குச்சியில் கட்டி ஒரு மீட்டர் உயர்த்தி, பிறகு நுனியைக் கிள்ளிச் சிறுமரமாக வளர்க்கலாம். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். இயல்பிலேயே ஒல்லியாக உயரும் செடிக்கு இந்த உருவமே பொருந்துகிறது.

பூ புதுத்தளிரில் வருவதால் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். உதகையில் உறைபனி விலகும் பிப்ரவரி இறுதி அதற்கான காலம். கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை, வெளிநோக்கிய கணுவுக்கு மேலே வெட்டுங்கள். உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகளை அடியோடு எடுத்துவிடுங்கள்.

உரத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்துமடங்கு நீரில் கலந்து ஊற்றலாம். மொட்டுகள் தோன்றியதும் சாம்பல்சத்து (பொட்டாஷ்) மிகுந்த உரத்துக்கு மாறுங்கள். கடையில் வாங்கும் நீரில் கரையும் உரமானால் உறையில் எழுதியிருப்பதில் பாதியளவே போடுங்கள். உலர்ந்த மண்ணிலும், துவண்டு நிற்கும் செடிக்கும் உரம் வைக்கவே கூடாது.

பனியும் குளிர்காலமும்

இது மலைச்செடி என்றாலும் உறைபனியைத் தாங்காது. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், ஒரே தெருவில் மேட்டிலுள்ள செடி பிழைத்திருக்கப் பள்ளத்திலுள்ளது கருகிப்போவதுண்டு. மேட்டுப்பகுதியில், மரநிழலிலோ தாழ்வாரத்தின் கீழோ நடுவது நல்லது. வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும் மாலைகளில் சணல் சாக்கால் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மேற்பகுதி கருகிவிட்டாலும் உடனே வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம். கருகிய கிளைகளே அடியிலுள்ள கணுக்களுக்கு மறைப்பாகும். ஏப்ரல், மே வரை காத்திருந்தால் அடியிலிருந்து துளிர்க்க வாய்ப்புண்டு.

இங்கிலாந்தில் அக்டோபரில் முதல் உறைபனிக்கு முன்பே, கனடாவில் அதற்கும் முன்பே தொட்டியை உள்ளே எடுக்க வேண்டும். 5 டிகிரிக்குக் குறையாத கண்ணாடிக் குடிலோ வெளிச்சமுள்ள தாழ்வாரமோ போதும். சூடேற்றிய வரவேற்பறை வேண்டாம், அங்குள்ள வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகிவிடும். இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், பதற வேண்டியதில்லை. மண் முற்றிலும் காயாத அளவுக்கு மட்டும் எப்போதாவது நீர் விடுங்கள். மே மாத இறுதியில், ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகு வெளியில் நிரந்தரமாக வைக்கலாம்.

பூச்சிகளும் நோயும்

வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி ஆகியவை வரும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள்; இலை மென்மையானது என்பதால் முதலில் இரண்டு இலைகளில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது. செஞ்சிலந்தி தோன்றினால் காற்று வறண்டுவிட்டது என்று அறிந்து, சுற்றுப்புற ஈரத்தைக் கூட்டுங்கள். இலையடியில் ஆரஞ்சுப் பொடியாகத் தெரிவது துருநோய். பாதித்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்தி, செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுங்கள்.

ஃபுக்ஷியா வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது கொழுந்தைத் தடிக்கவைத்து உருக்குலைக்கும் முடிச்சுச் சிலந்தியை. கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர் பிரேசிலில் கண்டறியப்பட்டு, 1981இல் கலிபோர்னியாவையும் 2007இல் இங்கிலாந்தையும் எட்டியது. கலப்பினங்கள் பல இதற்குப் பலியாகின்றன. பொலிவிய ஃபுக்ஷியா இதை எதிர்த்து நிற்கும் இனங்களில் ஒன்று என்பது இதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம்.

பழம், விதை, காடு

பூ உதிர்ந்ததும் அதன் அடியில் விரற்கடை நீளக் காய் திரளும். பச்சையாகத் தொடங்கிச் சிவந்து, இறுதியில் கருஊதா நிறமாகித் தொட்டால் நெகிழும்போது பறிக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் துவர்க்கும். பழுத்தது இனிப்பாகவும் அடியில் மிளகின் மெல்லிய காரத்தோடும் இருக்கும். அப்படியே தின்னலாம், ஜாமும் செய்யலாம். நாற்றுப்பண்ணையில் வாங்கிய செடிக்கு ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்து போட்டிருக்கக்கூடும் என்பதால், முதல் பருவத்துப் பழங்களை உண்ணாமல் விட்டுவிடுங்கள். பழம் வேண்டாம் என்றால் உதிர்ந்த பூவின் காய்களைக் கிள்ளிவிட, அடுத்த கொத்து விரைவில் வரும்.

சோலைக்காடுகளுக்கு அருகில் வசிப்போர் காய்களைக் கட்டாயம் கிள்ளிவிட வேண்டும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை ஈரமான ஓடைக்கரைகளில் இட்டுச் செல்லும். ஹவாய், ரியூனியன் தீவுகளின் மலைக்காடுகளில் ஃபுக்ஷியா இனங்கள் சில இவ்வாறு பரவித் தொல்லையாகியுள்ளன. அழகுக்காகவும் விறகுக்காகவும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிகள் நீலகிரியையும் பழனி மலையையும் என்ன செய்தன என்பதைச் சீகை (வாட்டில்) மரங்களையும் ஸ்காட்ச் புரூம் புதர்களையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவாத்தில் வெட்டிய கிளைகளை வேலிக்கு அப்பாலோ ஓடையிலோ வீசாதீர்கள், ஈரத்தில் கிடக்கும் துண்டும் வேர்விடும். வெயிலில் நன்கு காயவைத்த பிறகு மக்குக்குழியில் போடுங்கள்.

தொட்டிச் செடி நாலைந்து ஆண்டுகளில் அடித்தண்டு மரம்போல முற்றிப்போய்ப் பூ குறையத் தொடங்கும். அதற்கு முந்தைய பருவத்திலேயே இரண்டு தண்டுகளை வெட்டி வைத்து, அவை பூத்த பிறகு தாய்ச்செடியை எடுத்துவிடலாம்.